ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்: நிழல் தோட்டத்துக்குள் கத்தியின் வழியே வந்த நோய் (நிகழ்வு ஆய்வு)

ஹோஸ்டா, அகன்ற இலைகளின் அழகுக்காக நிழல் தோட்டங்களில் வளர்க்கப்படும் பல்லாண்டுச் செடி. அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் அதன் ஒரு ரகத்தை 'ஆண்டின் ஹோஸ்டா' என்று தேர்ந்தெடுத்து அறிவிக்கிறது. அந்த வரிசை 1996இல் 'சோ ஸ்வீட்' என்ற ரகத்துடன் தொடங்கியது. அதே 1996இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தாவர நோயியலாளர்களான கரியர், லாக்ஹார்ட் ஆகிய இருவரும் ஹோஸ்டாவைத் தாக்கும் புதிய வைரஸ் ஒன்றை விவரித்து 'பிளாண்ட் டிசீஸ்' ஆய்விதழில் கட்டுரை எழுதினர். முதல் செய்தி அந்தப் பருவத்திலேயே நர்சரிகளின் விலைப்பட்டியல்களில் இடம்பெற்றது. இரண்டாவது செய்தி நோயியல் வட்டத்தைத் தாண்டித் தோட்டக்காரர்களிடம் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் 2004இல் 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்', 2005இல் 'ஸ்டிரிப்டீஸ்' என இரண்டு ரகங்கள் அந்தச் சிறப்பைப் பெற்றன. வைரஸ் தொற்றுடன் சந்தையில் அடிக்கடி காணப்பட்ட ரகங்களின் பட்டியலிலும் இவை இரண்டும் முன்வரிசையில் இருந்தன.

ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் எவ்வாறு இரண்டு கண்டங்களின் தோட்டங்களில் பரவியது, அதைக் கண்டுகொள்ள ஏன் அவ்வளவு காலம் ஆனது, ஒரு நிழல் தோட்டத்தின் அன்றாடப் பராமரிப்பில் அது எதை மாற்ற வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹோஸ்டா வளர்ப்பு பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி நத்தைக்கும் மானுக்கும் ஒதுக்கப்படுகிறது. அவை தின்ற செடி அடுத்த வசந்தத்தில் மீண்டும் துளிர்த்துவிடும். இந்த வைரஸ் புகுந்த செடிக்கு மருந்து கிடையாது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் தோட்டக்காரரின் கையும் கத்தியும்தான்.

செடியும் அது கேட்கும் இடமும்

ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளுக்கும் ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதிக்கும் உரிய செடி. மணம் மிகுந்த வெள்ளைப் பூக்கள் கொண்ட பிளான்டஜீனியா என்ற சீன இனம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசுக்கு வந்தது. ஜப்பானிய இனங்கள் பலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து, நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து பரப்பியவர் பிலிப் ஃபிரான்ஸ் வான் சீபோல்ட் என்ற மருத்துவர். அமெரிக்க ஹோஸ்டா சங்கம் 1968இல் உருவானது. அதன் பின் ரகங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. இன்று வட அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் பல்லாண்டுச் செடிகளுள் இதுவும் ஒன்று.

குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து மண்ணுக்குள் உறங்குவது இச்செடியின் இயல்பு. அந்தக் குளிர் உறக்கம் கிடைக்காத இடத்தில் அது ஆண்டுக்காண்டு மெலிந்து மறைந்துவிடும். ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதைத் தரையில் வளர்க்க நினைப்பது வீண் முயற்சி. டொரன்டோவின் புறநகரிலோ இங்கிலாந்திலோ வீடு வாங்கிய தமிழர்களுக்கு நிலைமை வேறு. வீட்டின் வடக்குச் சுவரோரம் அகன்ற இலைகளுடன் யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன செடி ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் ஹோஸ்டாவாகவே இருக்கும்.

நிழலை விரும்பும் செடி என்று இதைச் சொல்வது முழு உண்மையாகாது. நிழலைத் தாங்கும் செடி என்பதே சரி. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமும், பின்பு மரக்கிளைகளின் ஊடாக விழும் சிதறிய ஒளியும் கிடைத்தால் பெரும்பாலான ரகங்கள் நன்றாகச் செழிக்கும். பொன்னிற இலை ரகங்களுக்குச் சற்றுக் கூடுதல் ஒளி வேண்டும். அடர்ந்த நிழலில் அவை வெளிறிய பச்சையாகவே நின்றுவிடும். நீல இலை ரகங்களில் அந்த நீலம் இலைக்குள் இருக்கும் நிறமன்று, இலையின் மேல் படிந்துள்ள மெழுகுப் பூச்சு. கடும் வெயிலிலும் கோடையின் இறுதியிலும் அந்தப் பூச்சு தேய்ந்து இலை பச்சையாகும். நடுப்பகுதி வெண்மையான ரகங்களுக்குப் பச்சையம் குறைவு. பிற்பகல் வெயில் பட்டால் அந்த வெண்மைதான் முதலில் கருகும். இந்த நிறமாற்றங்களை அறிந்து வைத்திருப்பது அவசியம். பின்னால் நோயின் அறிகுறியைப் பிரித்தறியும்போது இந்த அறிவுதான் கைகொடுக்கும்.

மண் மட்கு நிறைந்ததாக, நீர் தேங்காமலும் வற்றாமலும் இருக்க வேண்டும். கார அமில நிலை 6 முதல் 7.5 வரை இருந்தால் போதுமானது. வளர்ச்சிப் பருவத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. நீர் தேவைப்படும்; மழை தராததைத் தோட்டக்காரர் தர வேண்டும். மேப்பிள் போன்ற மேல்வேர் மரங்களின் அடியில் நட்ட ஹோஸ்டா ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே போவதற்கு நிழல் காரணமல்ல. மண்ணின் ஈரத்தை மரவேர் முந்திக்கொள்வதே காரணம். மூடாக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் தண்டுக்கட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும். ஓடில்லா நத்தைகளுக்கு இரும்பு பாஸ்பேட் கலந்த இரை பயன்தரும். தடித்த இலை ரகங்களை அவை பெரும்பாலும் விட்டுவிடும்.

பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. தாடி ஐரிஸ் போன்ற சில செடிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்துப் பிரித்து நடாவிட்டால் அவை நலியும். ஹோஸ்டாவுக்கு அந்தத் தேவை இல்லை. ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் தொந்தரவின்றி இருந்து, ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போகக்கூடிய செடி அது. தூரைப் பிரிப்பது எண்ணிக்கையைப் பெருக்கவும் நண்பருக்குக் கொடுக்கவும் மட்டுமே. செடியின் நலத்துக்காக அன்று. இந்த நோயின் கதை முழுவதும் அந்தத் தேவையற்ற வெட்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

புதுமை என்று நோயை வாங்கிய சந்தை

ஹோஸ்டாவின் அழகுக்கு அடிப்படை அதன் நிலையின்மை. வளர்நுனியில் உள்ள திசு அடுக்குகளில் ஒன்று பச்சையம் உருவாக்கும் திறனை இழந்தாலோ மாற்றிக்கொண்டாலோ, அந்த அடுக்கிலிருந்து உருவாகும் இலைப்பகுதி வெண்மையாகவோ பொன்னிறமாகவோ மாறுகிறது. இலை ஓரம் ஒரு நிறமும் நடுப்பகுதி வேறு நிறமுமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு தூரில் ஒரே ஒரு முளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில் எழுவது இச்செடியில் அரிதன்று. அந்த முளையைப் பிரித்தெடுத்து நிலைப்படுத்திப் பெயர் சூட்டினால் அது புதிய ரகம். 'ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ்' என்ற புகழ்பெற்ற ரகம் 1936இல் கனெக்டிகட் மாநிலத்து நர்சரி ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. 'கோல்ட் ஸ்டாண்டர்ட்' என்ற ரகத்திலிருந்து அவ்வாறு பிரிந்து வந்ததே 'ஸ்டிரிப்டீஸ்'. ஆகவே ஹோஸ்டா வளர்ப்பவரின் கண் எப்போதும் வித்தியாசமான இலையைத் தேடிக்கொண்டேயிருக்கும். வித்தியாசம் தென்பட்டால் அதைக் குறையாகக் கருதாமல் வரவாகக் கருதும் பழக்கம் அவர்களிடம் ஊறிப்போனது.

இந்தப் பழக்கத்தின் நடுவில்தான் வைரஸ் வந்து சேர்ந்தது. பொன்னிற இலையில் நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சை கசிந்து பரவியதுபோல் தோன்றும் கோலம் அதன் முதன்மை அறிகுறி. பார்ப்பதற்கு அது அழகாகவே இருந்தது என்பதை மறுக்க முடியாது. 'பிரேக்டான்ஸ்', 'லெப்பர்ட் ஃபிராக்', 'லூனசி', 'எட்டர்னல் ஃபாதர்' என்ற பெயர்களில் அத்தகைய செடிகள் புதிய ரகங்களாக விற்பனைக்கு வந்தன. அவற்றின் தனித்தன்மை என்று கருதப்பட்ட புள்ளியும் கசிவும் வைரஸின் வேலை என்பது பின்னரே தெளிவாயிற்று. துலிப் மலர்களின் கோடுகளுக்குப் பொன்னாய்ப் பணம் கொடுத்த நெதர்லாந்தின் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அந்தக் கோடுகளும் ஒரு வைரஸால் உண்டானவையே. ஆனால் அந்த வைரஸ் துலிப்பின் கிழங்கைத் தலைமுறைதோறும் நலியச் செய்தது. ஹோஸ்டா வைரஸோ பல ரகங்களில் செடியை வெளிப்படையாக நலியச் செய்வதில்லை. நலியாத செடியை விற்பவர் எறிய மாட்டார், வாங்கியவரும் சந்தேகப்பட மாட்டார். வைரஸுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

வைரஸின் இயல்பும் பரவிய வழியும்

ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் 'பொட்டெக்ஸ்' என்ற வைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. உருளைக்கிழங்கு வைரஸ் எக்ஸ் அதே பேரினத்தின் பெயர் தந்த உறுப்பினர். அதன் துகள்கள் நீண்டு வளையும் இழைகள். மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்என்ஏ, ஏறத்தாழ 6,500 எழுத்துகள் கொண்டது. கொரியாவில் எடுத்த மாதிரியின் முழு மரபுத் தொடரை அங்குள்ள ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அமெரிக்க மாதிரியை ஆராய்ந்தனர். தோட்டக்காரருக்கு இவற்றினும் முக்கியமான செய்தி, இந்த வைரஸைப் பூச்சி எதுவும் பரப்புவதாக அறியப்படவில்லை என்பது. அசுவினியும் வெள்ளை ஈயும் இங்கே குற்றவாளிகள் அல்ல. நோயுற்ற செடியின் சாறு, நலமான செடியின் காயத்தில் பட வேண்டும், அதுவே போதும்.

சாறு படும் வாய்ப்புகளோ ஏராளம். தூர் பிரிக்கும் கத்தி முதலில் நினைவுக்கு வரும். அதைவிட அபாயமானது பூந்தண்டு வெட்டும் கத்தரி. கோடையின் நடுவில் பூ முடிந்த தண்டுகளை வெட்டித் தோட்டத்தைச் சீர்செய்பவர், ஒரே கத்தரியுடன் ஒரே மாலையில் நூறு செடிகளைக் கடந்து போகிறார்; தொற்றுள்ள செடி ஒன்று அந்த வரிசையில் இருந்தால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு செடியும் ஆபத்தில் இருக்கிறது. புல் வெட்டும் இயந்திரம் ஓரச் செடிகளின் இலைகளைக் கீறிச் செல்வதும், கையால் வாடிய இலையைக் கிள்ளி எறிவதும்கூட இதே வேலையைச் செய்யும். ஒஹாயோவில் தோட்டம் வளர்த்த ஹென்றி ராஸ் என்பவர் பெயரால் அறியப்படும் ஒரு முறை உண்டு. செடியைப் பெயர்த்தெடுக்காமல், முளையின் அடிக்கட்டைக்குள் கத்தியை ஊடுருவச் செலுத்திக் கீறிவிட்டால், அந்தக் காயத்தைச் சுற்றிப் புதிய முளைகள் கிளம்பும். எளிதில் பெருகாத ரகங்களைப் பெருக்க அது அருமையான முறை. கத்தி தூய்மையாக இல்லாவிட்டால் வைரஸை நேராகச் செடியின் வளர்மையத்துக்குள் ஊசியிடுவதற்குச் சமம்.

தோட்டக்காரர் ஒருவர் தமது தவறால் கெடுக்கக்கூடியது தமது தோட்டத்தை மட்டுமே. இந்த நோய் கண்டம் தாண்டியதற்குக் காரணம் வணிகத்தின் அளவு. நெதர்லாந்தின் வயல்களில் ஏக்கர் கணக்கில் ஹோஸ்டா பயிரிட்டு, பூந்தண்டுகளை இயந்திரத்தால் வெட்டி, தூர்களைப் பெயர்த்துத் துண்டாக்கி, மண் நீக்கிய வேர்க்கட்டைகளாகப் பெட்டிகளில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் வணிகம் நீண்டகாலமாக நடந்து வந்தது. அந்த முறையில் செலவு குறைவு. பெரிய அங்காடிகளில் குறைந்த விலைக்குக் கிடைத்த ஹோஸ்டாக்களில் பெரும்பகுதி அப்படி வந்தவையே. வயலில் ஒரு வரிசையில் புகுந்த வைரஸ் இயந்திரத்தின் அலகுடன் அடுத்த வரிசைக்கும், கத்தியுடன் அடுத்த ஆண்டின் நடவுக்கும் சென்றது. 'கோல்ட் ஸ்டாண்டர்ட்', 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்', 'ஸ்டிரிப்டீஸ்' போன்று விற்பனை மிகுந்த ரகங்களில் தொற்று அதிகமாகக் காணப்பட்டது தற்செயலன்று. அதிகம் விற்கும் ரகம் அதிகம் வெட்டப்படும் ரகம்.

திசு வளர்ப்பு முறை இதற்கு மாற்று என்று தோன்றலாம். ஆய்வகத்தில் கத்தி தூய்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் குடுவையில் வளரும் கன்றுகளுக்கும் அது சென்றுவிடும். திசு வளர்ப்பு தானாகவே வைரஸை நீக்கிவிடாது. சோதித்துத் தேர்ந்த தாய்ச்செடியிலிருந்து தொடங்கினால் மட்டுமே அந்த முறையின் தூய்மைக்குப் பொருளுண்டு. மரவள்ளித் தண்டையும் வாழைக் கன்றையும் வெட்டி நடும் நம் ஊர் விவசாயிகளுக்கு இது புதிய செய்தியல்ல. தேமல் நோயும் முடிக்கொத்து நோயும் பூச்சிகளால் பரவினாலும், ஊர்விட்டு ஊர் போவது விதைக்கரணையோடும் கன்றோடும்தான் என்பதை அவர்கள் அறிவர்.

அறிகுறியும் அறிகுறிபோல் தோன்றுவனவும்

வைரஸ் தொற்றிய செடியில் காணக்கூடியவை பல. பொன்னிற, மஞ்சள் ரகங்களில் நரம்புகளை ஒட்டிய கரும்பச்சைக் கசிவு மிகத் தெளிவாகத் தெரியும். தேமல்போல் ஒழுங்கற்ற திட்டுகள், திட்டு உள்ள இடத்தில் இலை சுருங்கியோ உப்பியோ இருத்தல், நிறம் மாறிய திசு சுற்றியுள்ள திசுவைவிட மெலிந்து உள்வாங்கியிருத்தல், சில ரகங்களில் திட்டுகள் காய்ந்து பழுப்பாதல் ஆகியவையும் உண்டு. நீல, பச்சை ரகங்களில் அறிகுறி மங்கலாக இருக்கும். பச்சையின் மேல் வெளிறிய தேமலாக மட்டுமே அது தெரியக்கூடும். இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பதும், மாறிய இடத்தை விரல்நுனியால் தடவித் தடிப்பு வேறுபாட்டை உணர்வதும் நல்ல வழிகள். இயல்பான நிறக்கோலத்தில் நிற எல்லை பெரும்பாலும் நடுநரம்புக்கு இணையாக ஓடும். வைரஸின் கோலம் நரம்பிலிருந்து வெளிநோக்கிக் கசிந்து ஒழுங்கின்றி முடியும்.

தவறாகக் குற்றம்சாட்டப்படும் நிலைமைகளும் உள்ளன. அவற்றை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வைரஸ் பற்றிய செய்தி பரவிய பின், நலமான செடிகளைப் பிடுங்கி எறிந்தவர்களும் குறைவில்லை.

இலை நூற்புழு முதலில் வருவது. அஃபெலன்காய்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்த நுண்ணிய புழுக்கள் இலைக்குள் வாழும்; இலைமேல் படியும் நீர்ப்படலத்தில் நீந்தி அடுத்த இலைக்குச் செல்லும். கோடையின் பிற்பகுதியில் நரம்புகளுக்கு இடையே, நரம்பையே எல்லையாகக் கொண்டு, நீண்ட பழுப்புப் பட்டைகள் தோன்றும். வைரஸ் நரம்பை ஒட்டிக் கசியும், நூற்புழு நரம்புகளுக்கு இடையே அடைபட்டிருக்கும், காலமும் வேறு. வைரஸின் கோலம் இலை விரிந்த சில வாரங்களிலேயே தெரியும்.

தாமதமாக வந்த வசந்த உறைபனி இளம் இலைகளை வெளிறச் செய்து சுருங்க வைக்கும். ஆனால் அது ஒரே இரவில் தோட்டம் முழுவதையும் பாதிக்கும், பின்னர் வரும் இலைகள் நலமாக இருக்கும். வெண்ணிற ஓரம் கொண்ட ரகங்கள் சிலவற்றில் நடுப்பகுதி வேகமாகவும் ஓரம் மெதுவாகவும் வளர்வதால் இலை கிண்ணம்போல் குழிந்து ஓரம் கிழியும். அது மரபு இயல்பு. கழுத்தழுகல் நோயில் இலைக்காம்பு அடியில் மென்மையாகி இலை சாய்ந்துவிடும். மண்மட்டத்தில் வெண்பூசண இழைகளும் சிறு பழுப்பு உருண்டைகளும் தெரியும்.

ஹோஸ்டாவைத் தாக்கும் பிற வைரஸ்களும் உள்ளன. இலைப்பேன் பரப்பும் இம்பேஷன்ஸ் வைரஸ் வட்ட வடிவப் புள்ளிகளை உண்டாக்கும். மண்ணில் வாழும் நூற்புழு பரப்பும் புகையிலை ராட்டில் வைரஸின் தேமல் வசந்தத்தில் தெரிந்து, வெயில் ஏறிய பின் மங்கக்கூடும். இவற்றை வெறுங்கண்ணால் உறுதிப்படுத்த முயல்வது வீண். அங்கே ஆய்வகம் வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது அறிகுறியின் தாமதம். தொற்றிய செடி அதே பருவத்தில் எதையும் காட்டாமல் போகலாம். அடுத்த ஆண்டும், சில சமயம் அதற்கடுத்த ஆண்டும்தான் முதல் கசிவு தெரியும். சில ரகங்கள் வைரஸைச் சுமந்துகொண்டே அறிகுறியின்றி இருக்கக்கூடும். ஆகவே 'என் தோட்டத்தில் நோய் இல்லை' என்று பார்வையை மட்டும் நம்பிச் சொல்பவரின் கூற்றுக்கு அதிக மதிப்பு கிடையாது.

சோதனை

ஆய்வகங்கள் வைரஸின் புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறியும் எலைசா முறையாலும் மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் முறையாலும் இந்த வைரஸை உறுதிப்படுத்துகின்றன. தோட்டக்காரர் தம் கையாலேயே செய்யக்கூடிய பட்டைச் சோதனையும் உண்டு. இலைத் துண்டை உரிய கரைசல் உள்ள பையில் இட்டுக் கசக்கி, அந்தச் சாற்றில் பட்டையை நிறுத்தினால் சில நிமிடங்களில் கோடு தோன்றும்: ஒரு கோடு எனில் சோதனை வேலை செய்தது, வைரஸ் அகப்படவில்லை, இரண்டு கோடு எனில் வைரஸ் உண்டு. அமெரிக்காவின் அக்டியா நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. தொற்று புதிதாக இருக்கும்போது வைரஸ் செடி முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. அந்த நிலையில் எடுத்த இலைத் துண்டில் அது அகப்படாமல் போகலாம். எனவே இரண்டு கோட்டை நம்பலாம், ஒற்றைக் கோட்டை முழுவதும் நம்பலாகாது. சந்தேகமுள்ள செடியைத் தொட்டியில் தனித்து வைத்து அடுத்த வளர்ச்சிப் பருவத்தில் மீண்டும் சோதிப்பதே தகுந்த நடைமுறை.

இலையின் கோலம் சந்தேகத்துக்கு இடமின்றி இருந்தால் சோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. செடியின் விலையும் சோதனையின் விலையும் அருகருகே இருக்கும் நிலையில், சோதனையின் பயன் அந்த ஒரு செடிக்கன்று. அதன் அண்டையில் நிற்கும் விலையுயர்ந்த செடிகளைப் பற்றி முடிவெடுக்கும்போதுதான் அது பயன்தரும்.

தோட்டத்தில் எடுக்க வேண்டிய நடவடிக்கை

தொற்று உறுதியான செடியை அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வேரை இயன்ற அளவு முழுமையாகத் தோண்டியெடுத்து, குப்பைப் பைக்குள் கட்டி வெளியேற்ற வேண்டும். மட்குக் குழியில் இடக்கூடாது. தோண்டும்போது அறுந்து மண்ணில் தங்கிய வேர்த்துண்டுகளிலிருந்து மீண்டும் முளை கிளம்பலாம். அந்த முளை நோயுற்ற முளையே. அதனால் அந்தக் குழியில் உடனே இன்னொரு ஹோஸ்டாவை நடாமல், பழைய வேர்கள் மட்கிப்போகும்வரை குறைந்தது ஒரு பருவமேனும் காத்திருப்பது வழக்கம். இயற்கையில் இந்த வைரஸ் ஹோஸ்டாவைத் தவிர மற்றத் தோட்டச் செடிகளில் பரவுவதாக அறியப்படாததால், அந்த இடத்தைக் காலியாக விட வேண்டியதில்லை. பெரணிகள், அஸ்டில்பி, ஹியூக்கெரா, எபிமீடியம் ஆகியவை அதே நிழலையும் அதே மண்ணையும் ஏற்றுக்கொள்ளும். உண்மையில் ஹோஸ்டா மட்டுமே நிறைந்த தோட்டத்தைவிட, இவை இடையிட்ட தோட்டமே கண்ணுக்கும் நல்லது, கத்திக்கும் நல்லது. ஹோஸ்டாவின் இலை அடுத்த ஹோஸ்டாவைத் தொடாத இடைவெளி அதில் தானாகவே அமைந்துவிடும்.

கருவியின் தூய்மையில் ஒரு பொதுவான தவறான நம்பிக்கை நிலவுகிறது. ஆல்கஹால் தோய்ந்த துணியால் கத்தியைத் துடைத்துவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். பாக்டீரியாவுக்குப் போதுமான அந்தத் துடைப்பு, உறுதியான புரத உறை கொண்ட இத்தகைய தாவர வைரஸ்களுக்கு நம்பத்தக்கதன்று. முதலில் கத்தியில் ஒட்டிய மண்ணையும் சாற்றையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பின் ஒரு பங்கு வீட்டுப் பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் மூழ்கவைக்க வேண்டும். அந்தக் கரைசல் வேகமாக வீரியம் இழக்கும் என்பதால் அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். அது எஃகை அரிக்கும் என்பது உண்மைதான். விலை குறைந்த சமையலறைக் கத்திகள் சிலவற்றை இதற்கென ஒதுக்கிவைத்து, ஒன்று ஊறும்போது மற்றொன்றைப் பயன்படுத்துவது எளிய தீர்வு. பெட்யூனியாச் செடிகளில் புகையிலைத் தேமல் வைரஸை வைத்து ஒஹாயோ, ஃபுளோரிடா ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கொழுப்பு நீக்கிய பால்பொடியின் 20 விழுக்காட்டுக் கரைசலும் கருவிகளைத் தொற்றின்றிக் காக்க நன்கு உதவியது தெரியவந்தது. ஹோஸ்டா வளர்ப்பவர் சிலர் அதை ஏற்றுக்கொண்டுள்ளனர். கையுறையையும் கைகளையும் மறந்துவிடலாகாது. செடிக்குச் செடி சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பூந்தண்டைக் கத்தரியால் வெட்டுவதற்குப் பதில் அது காய்ந்து தானே பிரியும்வரை விட்டுவைத்து இழுத்தெடுப்பது இன்னும் எளிது. அப்போது தோட்டம் சற்று ஒழுங்கற்றுத் தோன்றும். அதைப் பொறுத்துக்கொள்வதில் தவறில்லை.

காலத்தையும் கருத வேண்டும். செடி வசந்தத்தில் வேகமாக வளரும்போது தொற்று எளிதில் ஏற்படுகிறது, பூத்து முடிந்த பின் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பது மின்னசோட்டாவில் லாக்ஹார்டும் அவர் குழுவினரும் செய்த பிற்கால ஆய்வுகளிலிருந்து கிடைத்த பயனுள்ள செய்தி. வசந்தத்தில் முளை தெரிந்தவுடன் தூர் பிரிப்பது பலருக்கு வசதியான பழக்கம். மண்ணும் மென்மையாக இருக்கும், இலையும் தடையாக இராது. அந்த வசதியை விட்டுக்கொடுத்து, கோடையின் இறுதிக்கு அந்த வேலையைத் தள்ளிவைப்பது நல்லது. உறைபனி வருவதற்கு ஐந்தாறு வாரங்களேனும் மீதமிருந்தால் வேர் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் குறைவு. தாய்ச்செடிகளைச் சோதிக்கிறீர்களா, எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டாலே விற்பவரின் தரம் பதிலில் தெரிந்துவிடும். ஒரு ரகத்தின் தட்டில் ஒரு செடியில் கசிவு கண்டால், அதே தட்டில் நலமாகத் தோன்றும் மற்றச் செடிகளையும் வாங்கலாகாது. புதிய செடியைக் குறைந்தது ஓர் ஆண்டு தனித்தொட்டியில் வைத்திருப்பவர் பொறுமைசாலி என்று கேலிக்கு ஆளாகலாம். அறிகுறியின் தாமதத்தை அறிந்தவர் கேலி செய்ய மாட்டார்.

வணிகம் மாறியதும் மாறாததும்

அமெரிக்க ஹோஸ்டா சங்கம் மின்னசோட்டா ஆய்வுகளுக்கு நிதி வழங்கியது. தொற்றுள்ள இலைகளின் படங்களை வெளியிட்டு உறுப்பினர்களின் கண்ணைப் பழக்கியது. சிறந்த மொத்த உற்பத்தியாளர்கள் தாய்ச்செடிகளைச் சோதிப்பதையும், சோதித்த இருப்பிலிருந்து மட்டும் திசு வளர்ப்பு செய்வதையும் வழக்கமாக்கினர். 'பிரேக்டான்ஸ்' வகைப் பெயர்கள் மதிப்பான விலைப்பட்டியல்களிலிருந்து நீங்கின. ரகப் பெயர்கள் அழிந்துவிடவில்லை, அழிய வேண்டிய தேவையும் இல்லை. 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' நோயின்றிப் பெறத்தக்க சிறந்த செடி; ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரியும் அதன் பொன்னிறத் தூரை வேறு எந்த நிழல் செடியும் ஈடுசெய்யாது. ஒரு ரகம் தொற்றுடன் விற்கப்பட்டது என்பதற்காக அந்த ரகத்தையே ஒதுக்குவது அறிவுடைமையன்று.

வெளிப்படையாகத் தெரியும் நோயை வணிகம் ஒருவாறு வடிகட்டக் கற்றுக்கொண்டது. ஆனால் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வாங்கிய செடிகள் இன்றும் லட்சக்கணக்கான வீட்டுத் தோட்டங்களில், தூர் பெருத்து, நலமான தோற்றத்துடன் நிற்கின்றன. தேவாலய நிதிக்காகவும் தோட்டச் சங்கங்களுக்காகவும் வசந்தத்தில் நடக்கும் செடி விற்பனைகளுக்கு வருபவை அந்தத் தூர்களின் துண்டுகளே. அங்கே சோதனையும் இல்லை, ஊறவைத்த கத்தியும் பெரும்பாலும் இல்லை. காலமோ தொற்றுக்கு ஏற்ற வசந்த காலம். அத்தகைய விற்பனைகளை நடத்தும் சங்கங்கள், ஹோஸ்டாவை மட்டும் கோடை இறுதிக்கு மாற்றி, மேசையருகே சில வாளிகளில் பிளீச் கரைசலும் மாற்றுக் கத்திகளும் வைத்தால், எந்த ஆய்வகமும் தர இயலாத பாதுகாப்பு மிகச் சிறு செலவில் கிடைக்கும். சில சங்கங்கள் ஹோஸ்டாவை ஏற்பதையே நிறுத்திவிட்டன. அது தேவைக்கு மீறிய நடவடிக்கை என்றே தோன்றுகிறது. இலையைப் பார்த்துச் சந்தேகிக்கத் தெரிந்த இருவரை வாசலில் நிறுத்தி, ஐயத்துக்குரியவற்றைத் திருப்பியனுப்பினால் போதும்.